தம்புசெட்டித் தெரு போர்டும் லண்டன் பட்டியலும்

சென்னை உயர் நீதிமன்றத்துக்கு எதிரே தம்புசெட்டித் தெருவில் எந்தப் பழைய கட்டடத்துக்குள் நுழைந்தாலும், முதலில் கண்ணில் படுவது மாடிப்படிச் சுவரில் அடுக்கடுக்காக அறைந்திருக்கும் வக்கீல் போர்டுகள்தான். பெயர், கீழே பி.ஏ., பி.எல்., அதற்கும் கீழே அட்வகேட். சிலவற்றில் எந்த மாடி என்று காட்ட ஓர் அம்புக்குறி. எழுத்து தேய்ந்த பித்தளைத் தகடு ஒன்றைப் பாதி மறைத்தபடி நேற்று மாட்டிய அக்ரிலிக் பலகை. இவர்களில் சட்டம் கரைத்துக் குடித்தவர் யார், வாய்தா வாங்கியே காலம் தள்ளுபவர் யார் என்று போர்டைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது.

சொல்ல முடியக் கூடாது என்பதுதான் விதி. இந்திய பார் கவுன்சில் விதிகளில் 36-ஆவது விதி, வழக்கறிஞர் நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. சுற்றறிக்கை கூடாது, தரகர் கூடாது, தான் நடத்திய வழக்கைச் சாக்கிட்டுப் பத்திரிகையில் படம் வரச் செய்வதும் கூடாது. போர்டுகூட அளவோடு இருக்க வேண்டும். முன்னாள் நீதிபதி என்று அதில் போட்டுக்கொள்ளக் கூடாது. இன்ன வகை வழக்கில் தேர்ந்தவர் என்றும் எழுதக் கூடாது. நிலத் தகராறுக்கு வக்கீல் தேடி வருகிறவர் படியேறி ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இதே விதிக்குக் கட்டுப்பட்டவர்கள்தான் மும்பை லோயர் பரேலின் கண்ணாடிக் கட்டடங்களில் இருக்கும் பெரிய சட்ட நிறுவனத்தாரும். அங்கே ஆண்டுதோறும் ஒரு பருவத்தில் வேறொரு வேலை மும்முரமாக நடக்கும். அதற்குச் ‘சப்மிஷன்’ என்று பெயர். லண்டனில் இருந்து வெளியாகும் ‘சேம்பர்ஸ் அண்ட் பார்ட்னர்ஸ்’, ‘லீகல் 500’ போன்ற வழிகாட்டிகளுக்கு அனுப்பவேண்டிய ஆவணம் அது. நிறுவனங்களை இணைத்தல், வங்கிக் கடன், பங்கு வெளியீடு, போட்டிச் சட்டம் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். சேம்பர்ஸுக்கு ஒரு பிரிவுக்கு 20 வேலைகள் வரை காட்டலாம். வெளியில் சொல்லக்கூடியவை ஒரு பக்கம், ரகசியமானவை இன்னொரு பக்கம். கூடவே விசாரித்துப் பார்க்கக்கூடிய கட்சிக்காரர்கள் 20 பேர் வரை. ஆய்வாளர்கள் அவர்களில் பதில் சொல்பவர்களிடம் பேசி, சக வழக்கறிஞர்களிடமும் கேட்டு, நிறுவனங்களைப் பேண்ட் 1, பேண்ட் 2 என்று அடுக்குகிறார்கள். இந்த ஆவணத்தை அழகாக எழுதித் தருவதற்கென்றே பெரிய நிறுவனங்களில் சம்பளத்துக்கு ஆள் உண்டு.

பட்டியலில் இடம்பெறக் காசு கொடுக்க வேண்டியதில்லை. இடம் கிடைத்தபின் விரிவான அறிமுகப் பக்கத்தை வாங்கிக்கொள்ளலாம். அந்த வியாபாரம் தனி. விருதுக்கு விண்ணப்பித்து, சான்றுக்கு ஆளும் தந்து, கிடைத்ததைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினால் அது விளம்பரம் இல்லை. தெருமுனையில் ‘சிவில் வழக்குகள் பார்க்கப்படும்’ என்று எழுதினால் விளம்பரம். இந்த நுணுக்கம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

சந்தேகம் இருப்பவர்கள் ஏதாவது ஒரு பெரிய சட்ட நிறுவனத்தின் இணையதளத்தைத் திறந்து பாருங்கள். முதலில் ஓர் அறிவிப்பு குறுக்கே வரும். பார் கவுன்சில் விதிப்படி நாங்கள் விளம்பரம் செய்வதில்லை, நீங்களாகவே விவரம் தேடி வந்திருக்கிறீர்கள், எங்கள் தூண்டுதல் எதுவும் இல்லை என்று அதில் இருக்கும். ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்தினால்தான் கதவு திறக்கும். உள்ளே போனால் விருதுகள் வரிசைகட்டி நிற்கும். வழக்கறிஞர்கள் இணையதளம் வைத்துக்கொள்ள 2008-ல் விதி தளர்த்தப்பட்டது. பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, எந்தத் துறையில் தொழில் என்ற அளவில்தான். அந்தச் சிறு சந்து வழியே யானை எப்படி நுழைந்தது என்பது தொழில் ரகசியம்.

இந்தியாவில் முதல் வரிசைச் சட்ட நிறுவனங்கள் எவை என்று அந்தத் துறையில் யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே பெயர்கள்தான் வரும். சிரில் அமர்சந்த் மங்கள்தாஸ், ஷார்துல் அமர்சந்த் மங்கள்தாஸ், கைத்தான் அண்ட் கோ, ஏ.இசட்.பி., ட்ரைலீகல், ஜே. சாகர் அசோசியேட்ஸ். இன்னும் ஒன்றிரண்டைச் சிலர் சேர்ப்பார்கள், சிலர் மாட்டார்கள். லண்டனில் ஐந்து நிறுவனங்களை ‘மேஜிக் சர்க்கிள்’ என்பதுபோல இங்கே ‘டயர் 1’ என்பார்கள்.

இந்த வரிசையில் சென்னையில் பிறந்த நிறுவனம் ஒன்றுகூட இல்லையே என்று சட்டக் கல்லூரி மாணவர்கள் சிலர் ஆதங்கப்படுவதைக் கேட்டிருக்கிறேன். காரணம் திறமைக் குறைவு அல்ல. பம்பாயிலும் கல்கத்தாவிலும் சாலிசிட்டர் வேறு, வாதாடும் கவுன்சல் வேறு என்ற ஆங்கிலேய இரட்டை முறை கெட்டியாக இருந்தது. உயர் நீதிமன்றம் வழக்கை நேரடியாக விசாரிக்கும் ‘ஒரிஜினல் சைடில்’ அது ஒழிந்ததே 1976-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால்தான். ஆலை முதலாளியும் கப்பல் கம்பெனியும் முதலில் போய் நின்றது சாலிசிட்டர் அலுவலகத்தில். அந்த அலுவலகங்கள்தான் தலைமுறை தாண்டும் நிறுவனங்களாக வளர்ந்தன. பம்பாயின் கிராஃபோர்டு பேய்லி 1830-ல் தொடங்கியது. மதராஸிலோ வக்கீல்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஒரிஜினல் சைடிலும் வாதாடும் உரிமை பெற்று பாரிஸ்டர்களோடு சரிக்குச் சரியாக நின்றார்கள். பாஷ்யம் ஐயங்கார், அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் என்று இங்கே புகழ் தனி மனிதரின் தலையில் ஏறியது. அவர் இருக்கும்வரை சேம்பர் நிரம்பி வழியும். அவருக்குப் பின் ஜூனியர்கள் ஆளுக்கொரு போர்டு மாட்டிக்கொண்டு பிரிந்துபோவார்கள். கிங் அண்ட் பார்ட்ரிட்ஜ் போன்ற பழைய நிறுவனங்கள் இங்கேயும் உண்டு; ஆனால் இந்த ஊரின் நடை அது அல்ல.

கைத்தான் கதையில் நமக்கு ஒரு தொடர்பு இருக்கிறது. 1911-ல் கல்கத்தாவில் அந்த நிறுவனத்தைத் தொடங்கிய தேவி பிரசாத் கைத்தான், அம்பேத்கர் தலைமையிலான அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்தவர். 1948-ல் அவர் காலமானபோது அந்த இடத்துக்கு வந்தவர் நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. வக்கீலின் நாற்காலியில் வியாபாரி உட்கார்ந்தார்.

அமர்சந்த் மங்கள்தாஸ் 1917-ல் பம்பாயில் தொடங்கப்பட்டது. ஒரு காலத்தில் கேள்விக்கிடமின்றி முதலிடம் என்று பேசப்பட்ட பெயர். ஷ்ராஃப் குடும்பத்தின் இரண்டு சகோதரர்களில் சிரில் மும்பையையும் ஷார்துல் டெல்லியையும் பார்த்துக்கொண்டார்கள். 2014-ல் தாய் காலமானார். உயிலில் பிணக்கு வந்தது. ஊராரின் குடும்பத் தொழில்களுக்கெல்லாம் பங்கு பிரித்துக் கொடுத்த நிறுவனம் தன் பாகப்பிரிவினைக்கு உட்கார்ந்தது. 2015 மே மாதம் இரண்டாகப் பிரிந்தார்கள். பெயரைக்கூடப் பாதியாக வெட்டவில்லை. அமர்சந்த் மங்கள்தாஸ் என்பதை இருவரும் வைத்துக்கொண்டு முன்னால் ஆளுக்கொரு முதற்பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். நிலமாக இருந்தால் சர்வேயர் வந்து சங்கிலி போட்டு அளப்பார். நூறாண்டுப் பேரை எப்படி அளப்பது? பட்டியல் போடுகிறவர்கள் சுலபமான வழியைக் கண்டார்கள். ஒன்று இருந்த உச்சியில் இரண்டையும் வைத்தார்கள்.

ஏ.இசட்.பி. வந்த வழி இதற்கு நேர் எதிர். அஜய், ஜியா, பஹ்ராம் என்ற மூவரின் முதலெழுத்து அது. 2004-ல் இரண்டு அலுவலகங்கள் சேர்ந்து உண்டானது. ஜியா மோடி, அட்டர்னி ஜெனரலாக இருந்த சோலி சொராப்ஜியின் மகள். ட்ரைலீகல் 2000-ல் தொடங்கியது. அதன் பின்னால் குடும்பப் பெயர் இல்லை. கூட்டாண்மையில் 20 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற பழைய கம்பெனிச் சட்டத்தின் தடை அந்நாளில் எல்லோருக்கும் இருந்தது. சில நிறுவனங்கள் ஊருக்கொரு கூட்டாண்மையாகப் பதிந்து சமாளித்தன. 2008-ல் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மைச் சட்டம் வந்தபின்தான் கைகால் நீட்ட இடம் கிடைத்தது.

இவற்றின் வருமானம் என்ன என்று கேட்டால் ஊகத்தைத் தவிர வேறு பதில் வராது. பங்குச் சந்தையில் இல்லாத கூட்டாண்மைகள்; கணக்கை ஊருக்குச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் அப்படித்தான். அங்கே வழக்கறிஞர் விளம்பரம் செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 1977-ல் சொல்லிவிட்டது. 1979-ல் ஸ்டீவன் பிரில் தொடங்கிய ‘தி அமெரிக்கன் லாயர்’ இதழ், 1985-ல் எந்த நிறுவனத்தில் பார்ட்னருக்கு எவ்வளவு லாபம் என்று 50 நிறுவனங்களின் கணக்கைப் போட்டு உடைத்தது. பக்கத்து அலுவலகத்துப் பார்ட்னர் தன்னைவிட எவ்வளவு அதிகம் சம்பாதிக்கிறார் என்பது தெரிந்ததும், ஆயுசுக்கும் ஒரே நிறுவனம் என்றிருந்தவர்கள் பெட்டியைத் தூக்க ஆரம்பித்தார்கள். அந்தப் பட்டியலிலும் ஓட்டை இருந்தது. டூயி அண்ட் லெபஃப் என்ற பெரிய நிறுவனம் 2012-ல் திவாலானது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அதன் பழைய எண்களை அந்த இதழே குறைத்துத் திருத்தியது. தேர்வு எழுதுகிறவரே மதிப்பெண்ணையும் சொல்ல, பத்திரிகை அதை அச்சிட்டால் இப்படித்தான்.

நம் ஊரில் அந்தக் கணக்கும் இல்லாததால் வேறு அளவுகோல்களைத் தேடிக்கொண்டார்கள். ஒன்று, ஒப்பந்தங்களின் மதிப்பு. ஆயிரம் கோடிக்கு ஒரு கம்பெனி கைமாறினால், வாங்குபவரின் வக்கீல் ஆயிரம் கோடி என்று எழுதிக்கொள்வார், விற்பவரின் வக்கீலும் ஆயிரம் கோடி என்று எழுதிக்கொள்வார். ஒரு கல்யாணத்துக்கு இரண்டு வீட்டாரும் தனித்தனியாக மொய்க் கணக்குப் போடுவதுபோல.

இன்னொன்று, கல்லூரி வளாகம். என்.ஆர். மாதவ மேனன் பெங்களூரில் உருவாக்கிய தேசியச் சட்டப் பள்ளி 1988-ல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. அந்த வார்ப்பில் நாடெங்கும் பள்ளிகள் வந்தன. திருச்சியிலும் ஒன்று இருக்கிறது. முன்னணிப் பள்ளிகளில் ‘டே ஜீரோ’ என்று ஒரு நாள். பெரிய நிறுவனங்கள் அன்று வந்து, படிப்பே முடியாத பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். மாதச் சம்பளம் ஒரு லட்சத்தைத் தாண்டும். எந்த நிறுவனத்தை மாணவர்கள் முதல் விருப்பமாக எழுதுகிறார்கள் என்பதே ஒரு தரவரிசை. லண்டன் பட்டியலைவிட இதை நான் நம்புவேன். இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்குச் சீனியர்கள் வழியாக உண்மை தெரிந்திருக்கும்: யார் ராத்திரி இரண்டு மணிவரை உட்கார வைப்பார்கள், யார் வேலை கற்றுத் தருவார்கள் என்று.

இந்தச் சம்பளத்தையும் தரவரிசையையும் 2024-ஆம் ஆண்டின் கோடைக்காலத் தீர்ப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மே மாதம், வழக்கறிஞரின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வராது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது தனித்தன்மை கொண்ட தொழில், கட்சிக்காரர் நுகர்வோர் அல்ல. ஜூன் மாதம், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு, ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை தரச் செய்யுமாறு பார் கவுன்சிலுக்குச் சொன்னது. உத்தரவு போட்டு வாங்கித்தர வேண்டிய தொகையாக இருந்தது அந்த 20,000. ஜூலை 3 அன்று அதே அமர்வு, இணையத்தில் வழக்கறிஞர்களைப் பட்டியலிட்டு நட்சத்திரம் போடும் ஜஸ்ட் டயல், சுலேகா, குவிக்கர் போன்ற தளங்கள் தொடர்பான வழக்கில், வழக்கறிஞர்களைத் தரவரிசைப்படுத்துவது தொழிலின் மாண்பைக் குலைக்கும் செயல் என்று கண்டித்தது. அப்படி வேலை தேடும் வழக்கறிஞர்கள் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டது.

நீதிபதிகளின் கவலை எனக்குப் புரிகிறது. பிரியாணிக் கடைக்கு நட்சத்திரம் போடுவதுபோல வக்கீலுக்குப் போட முடியாது. தோற்ற கட்சிக்காரர் ஒரு நட்சத்திரம்தான் போடுவார். தோற்கவேண்டிய வழக்கை ஒழுங்காக நடத்தித் தோற்பதும் இந்தத் தொழிலில் ஒரு திறமை என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் தரவரிசை என்பதே கேள்விப்படாத காரியம் என்ற தொனியைத்தான் ஏற்க முடியவில்லை. தரவரிசை போடுவதில் நீதிமன்றங்களே முன்னோடிகள். வழக்கறிஞர்கள் சட்டத்தின் 16-ஆவது பிரிவு மூத்த வழக்கறிஞர் என்றொரு தனி வகுப்பை வைத்திருக்கிறது, அங்கிகூட வேறு. இந்திரா ஜெய்சிங் தொடுத்த வழக்கில் 2017-ல் வந்த தீர்ப்புக்குப் பிறகு, அந்தத் தகுதிக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டார்கள். தொழில் அனுபவத்துக்கு 20, நேர்காணலுக்கு 25 என்று கணக்கு இருந்தது. 2025 மே மாதம்தான் உச்ச நீதிமன்றம் அந்த மதிப்பெண் முறையைக் கைவிட்டது.

2025 மார்ச்சில் ஒரு சட்ட நிறுவனம் திரைப்பட நடிகரை வைத்து வெளியிட்ட காணொளி சர்ச்சையாகி, பார் கவுன்சில் கண்டன அறிக்கை விட்டது. நடிகர் வந்தால் தவறு, லண்டன் பட்டியல் வந்தால் கௌரவம். தொழிலின் மாண்பைக் காக்கும் விதி, நடைமுறையில் யாருக்கு வாய்ப்பூட்டு போடுகிறது என்றால், சப்மிஷன் எழுத ஆள் வைக்க வசதியில்லாதவருக்கு.

அந்தப் பட்டியல் வீண் என்று சொல்ல மாட்டேன். நியூயார்க்கில் உட்கார்ந்திருக்கும் கம்பெனியின் சட்ட அதிகாரிக்கு இந்தியாவில் ஒரு வக்கீல் வேண்டும். அவர் தம்புசெட்டித் தெருப் படியேறப் போவதில்லை. பேண்ட் 1 என்பது அவருக்குத் தரச்சான்று என்பதைவிடக் காப்பீடு. நாளைக்குக் காரியம் கெட்டால், முதல் வரிசை ஆளைத்தானே வைத்தேன் என்று தன் மேலதிகாரியிடம் சொல்லித் தப்பிக்கலாம். அந்நிய நிறுவனங்கள் இங்கே கடை விரிக்கலாமா என்ற சண்டையும் சென்னையைத் தொட்டதுதான். வழக்கறிஞர் ஏ.கே. பாலாஜி தொடுத்த வழக்கில் 2012-ல் சென்னை உயர் நீதிமன்றமும், 2018-ல் உச்ச நீதிமன்றமும், அவர்கள் அவ்வப்போது வந்து தங்கள் நாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை சொல்லிப் போகலாம், இங்கே தொழில் நடத்த முடியாது என்றன. 2023-ல் பார் கவுன்சிலே விதி வகுத்துக் கதவை ஒருக்களித்துத் திறந்தது, 2025-ல் திருத்தியது. யார் வந்தாலும் பட்டியலின் மதிப்பு ஏறத்தான் செய்யும்.

ஆனால் பாகப்பிரிவினை வழக்குக்காரரும், பஸ் மோதிக் கால் போனவரும் அந்தப் பட்டியலில் தேட ஒன்றுமில்லை. அவர்களுக்கான பட்டியல் வேறு இடத்தில் இருக்கிறது.

எங்கள் சித்தப்பாவுக்கு ஒரு நிலத் தகராறு வந்தபோது, டெல்டா மாவட்டத்தின் ஒரு கோர்ட் வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடைக்காரரிடம், “யாருண்ணே இங்க சிவில்ல நல்லா பண்ணுவாங்க?” என்று கேட்டேன். அவர் மிஷினை நிறுத்தாமலே, “சிவில்னா? பாகப்பிரிவினையா, இன்ஜங்ஷனா, எக்ஸிக்யூஷனா? அதச் சொல்லுங்க தம்பி மொதல்ல” என்றார். லண்டன்காரர்களும் இப்படித்தான் பிரிவு பிரிவாகக் கேட்கிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. பாகப்பிரிவினை என்றதும் இரண்டு பெயர் சொன்னார். ஒருவர் பிராது எழுதினால் எழுத்து பிசகாது, ஆனால் கோர்ட்டுக்கு ஜூனியரைத்தான் அனுப்புவார். மற்றவர் தானே வருவார், ஃபீஸ் குறைவு, ஆனால் வாய்தா அதிகம். இவ்வளவு துல்லியமான மதிப்பீட்டை ஒரு பக்கம் இரண்டு ரூபாய்க்கு ஜெராக்ஸ் எடுக்கிறவர் சும்மா கொடுத்தார்.

நாங்கள் முதலாமவரிடம் போனோம். ஒரு வாய்தாவுக்கு ஜூனியர் வரவில்லை. எங்கள் தரப்பைக் கேட்காமலே எக்ஸ்பார்ட்டி டிகிரி ஆகிவிட்டது. அதை ரத்து செய்ய மனுப் போட்டு மீட்க ஒரு வருடம் ஆனது. அந்த அலுவலகத்தில் இப்படி முன்பும் நடந்திருக்கிறதா, யாராவது பார் கவுன்சிலில் புகார் கொடுத்தார்களா என்று பார்க்க எங்களுக்கு வழி எதுவும் புலப்படவில்லை. ஒழுங்கு நடவடிக்கைப் புகார்களை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று வழக்கறிஞர்கள் சட்டமே சொல்கிறது. முடிந்த புகார்களின் தீர்ப்பை, பெயரைத் தட்டினால் வரும்படி மாநில பார் கவுன்சில் வெளியிட்டால் போதும், நட்சத்திரம் வேண்டாம். இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கறிஞர் பெயரைப் போட்டால் அவர் நடத்தும் வழக்குகளின் பட்டியல் இப்போதே வருகிறது; எத்தனை வாய்தா, எத்தனை எக்ஸ்பார்ட்டி என்பதும் அதற்குள்தான் கிடக்கிறது. போர்டில் ‘சிவில்’, ‘கிரிமினல்’, ‘தொழிலாளர் வழக்கு’ என்று ஒரு சொல் எழுத அனுமதித்தால் மாண்பு ஒன்றும் குறைந்துவிடாது. இணையதளம் வைத்திருப்பவருக்கு 2008-லேயே கொடுத்த சலுகையைத்தான் மாடிப்படிச் சுவருக்கும் கேட்கிறேன்.

மனுவை ஜெராக்ஸ் எடுக்க அதே கடைக்குத்தான் மறுபடி போனேன். கேஸ் நம்பரைப் பார்த்தவர் தலையை ஆட்டிக்கொண்டார். “அந்த ஜூனியரா? அவரு இப்ப தனியா போர்டு மாட்டிட்டாரு தம்பி.”